காஸில்டா வீட்டுத் தரை காயும்வரை

எலாடியோ இறந்துவிட்டான் என்று பெனால்மூரா நகர மன்றத்தில் பதிவான நாளிலிருந்து அவன் மிதித்த இடம் காயவில்லை. அன்றைக்கு அவன் உயிரோடுதான் இருந்தான். தன் வீட்டுச் சமையலறையில், ரொட்டி அலமாரிக்குப் பின்னால், ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்குச் சுவரில் விட்டிருந்த இடுக்கில் நின்றுகொண்டிருந்தான். உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பு ஆட்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்துக் கல்லறைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆற்றுப் பாலத்தில் அவன் குண்டடிபட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகக் காஸில்டாவின் சித்தி மகன் சத்தியம் செய்தான். எழுத்தர் எழுதி முத்திரை குத்தினார். பாதிரியார் பூசை வைத்தார். காஸில்டா கறுப்பு உடுத்திக்கொண்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு எலாடியோ அலமாரியை நகர்த்திக்கொண்டு வெளியே வந்து தண்ணீர்க் கூஜாவரை நடந்தான். நடந்த இடமெல்லாம் ஈரக் கால்கள். தண்ணீர் சிந்திவிட்டது என்று நினைத்துக் காஸில்டா துணியால் ஒற்றி எடுத்தாள். மறுநாளும் இருந்தன. ஆகஸ்ட் வெயில் ஜன்னல் வழியே விழுந்து சுற்றியிருந்த கல்லெல்லாம் வெளுத்த பிறகும் அந்தக் கால்கள் மட்டும் கருத்து, ஒன்று ஐந்து விரலும் ஒன்று நான்கு விரலுமாக, அப்படியே கிடந்தன.

அந்த நான்கு விரலில்தான் ஆபத்து இருந்தது. எலாடியோ ஊர்ச் சூளையில் மண் மிதிக்கிறவன். இடது காலின் சுண்டுவிரலை ஒரு வண்டிச் சக்கரம் கொண்டுபோயிருந்தது. முழங்கால் வரை சேற்றில் நின்று அவன் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கும், தரைக்கல் வாங்க வந்த பெண்களுக்கும் அவன் முகத்தைவிட அந்தக் கால் நன்றாகத் தெரியும். அந்த வீட்டுத் தரையும் அவன் மிதித்த மண்தான். கல்யாணத்துக்கு முன் தானே அச்சில் அறுத்து, சுட்டு, மெருகு எதுவும் போடாமல் பதித்தது. காயப் போட்டிருந்தபோது ஒரு நாய் ஓடிப் பதித்த பாதம் அடுப்போரக் கல்லில் இன்றைக்கும் இருக்கிறது. நாயின் கால் காய்ந்து கல்லாகிவிட்டது, தன் கால் ஏன் காயவில்லை என்று எலாடியோவுக்கு விளங்கவில்லை. கயிற்றுச் செருப்புப் போட்டு நடந்து பார்த்தான். இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை போட்டு நடந்து பார்த்தான். எதைப் போட்டு நடந்தாலும் தரையில் விழுந்தது வெறும் கால்தான், விரல்களோடு.

மெருகு போடாத சுடுமண் தரையைப் பேணத் தெரியாத பெண் பெனால்மூராவில் கிடையாது. ஈர மரத்தூளைத் தூவிப் பெருக்க வேண்டும், அப்போதுதான் தூசு கல்லின் கண்ணில் போய் அடைக்காது. எண்ணெய் சிந்தினால் அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீர். வினிகர் ஆகாது, கல்லை அரிக்கும். திருவிழாவுக்கு முன்னால் காவி மண் பூச்சு. கோடை உச்சத்தில், கல் எலும்பு வரை காய்ந்திருக்கும்போது, சூடான ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு இரண்டு தடவை, பிறகு தேன்மெழுகு. காஸில்டா எல்லாவற்றையும் செய்தாள். மரத்தூள் அந்தக் கால்களின்மேல் புளித்த மாவாகிவிட்டது. காவி பூசினாள், அடியிலிருந்து கால்கள் இன்னும் சிவப்பாக எழுந்து வந்தன. எண்ணெய் ஈரத்துக்குள் இறங்காமல் மேலேயே பிசுபிசுத்தது. பொறுமை இழந்து மெழுகையும் தேய்த்தாள். அவள் செய்த ஒரே தவறு அது. ஈரத்தின்மேல் இட்ட மெழுகு வெளுத்துப்போய், அதன் ஓரமெல்லாம் உப்புப் பூத்து, கல்யாண வீட்டுக் கோலம் மாதிரி கால்களை எடுத்துக் காட்டிவிட்டது. அதைக் கத்தியால் சுரண்டி எடுப்பதற்குள் அவள் விரல் நகம் இரண்டு போயிற்று. மேலே கோரைப் பாய் விரித்தாள். பாய் கால் வடிவத்திலேயே அழுகி ஓட்டை விழுந்தது.

கடைசியில் அவளுக்குக் கைகொடுத்தது ஒரு வழக்கம். கழுவின தரையில் அந்த ஊரில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். கடன் கேட்க வந்தவனும் வைக்க மாட்டான், மருத்துவச்சியும் கொஞ்சம் யோசிப்பாள். "கழுவியிருக்கு!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தால் வாசற்படியில் நின்றுவிட வேண்டும், காய்ந்த பிறகுதான் உள்ளே. நடக்கப் பழகும் முன்பே பிள்ளைகள் பழகும் பாடம் அது. பெரும்பாலும் செருப்பால் அடி வாங்கிப் பழகுவது. முழுத் தரையும் ஈரமாக இருந்தால் கால்களும் தெரியாது, யாரும் உள்ளே வரவும் மாட்டார்கள் என்று காஸில்டா கண்டுகொண்டாள். அன்றிலிருந்து வாளியும் நாரும் அவள் கையைவிட்டு இறங்கவில்லை. காலையில் கதவு திறக்கும் முன் ஒரு கழுவல், ரொட்டிக்காரன் வரும் நேரத்துக்கு ஒன்று, சாயங்காலம் தெருவில் நாற்காலி போடும் முன் ஒன்று. ஊர் முழுக்கத் தூங்கும் மதிய நேரத்தில், கதவைத் தாழிட்டுவிட்டு, எலாடியோவை நடக்கவிடுவாள். அதுவும் தன் பழைய தடத்தின் மேலேயே, அலமாரியிலிருந்து கூஜா, கூஜாவிலிருந்து அடுப்பு. புதிதாக ஒரு கல்லையும் நனைக்கக் கூடாது என்பது அவள் உத்தரவு. அவனும் கம்பிமேல் நடப்பவன் மாதிரி கையை விரித்துக்கொண்டு நடப்பான்.

பக்கத்து வீட்டு விர்தூதெஸ் ஊருக்கெல்லாம் வாய் கொடுக்கிறவள். காஸில்டாவை அவள் விடவில்லை. "ஏண்டி, உன் தரை என்ன மீனா? தண்ணியில்லாட்டி செத்துடுமா?" என்பாள். "புருஷன் போன துக்கத்துல சிலபேர் குடிப்பாளுங்க. இவ தரைக்கு ஊத்தறா." காஸில்டா முழங்காலில் இருந்தபடியே, "உன் வீட்டுக்கும் சேர்த்து ஒரு வாளி ஊத்தட்டுமா? அங்க முளைச்சிருக்கிற புல்லாவது பொழைக்கும்" என்று சொல்லிவிட்டு நாரால் தரையைத் தேய்ப்பாள். தெரு சிரிக்கும். அலமாரிக்குப் பின்னால் எலாடியோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும். அந்த வீட்டின் ஈரம் அவன் நெஞ்சில் இறங்கத் தொடங்கியிருந்தது.

இப்படிச் சில கோடைகள் போயின. ஒரு நாள் காஸில்டா தலைச்சுமை வியாபாரியிடம் நூலும் ஊசியும் வாங்கினவள், கைப் பழக்கத்தில் ஒரு சவர பிளேடும் வாங்கிவிட்டாள். தாடி மழிக்க ஆளில்லாத வீட்டுக்குப் பிளேடு எதற்கு என்று மதுக்கடையில் யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்வி காவல் நிலையம் வரை நடந்துபோயிற்று. அடுத்த நாள், மதியத் தூக்கம் கலையும் நேரத்தில், பெலார்மினோ என்ற கார்ப்பரல், காவலர் இருவரோடு தெருமுனையில் திரும்பினார். பூட்ஸ் சத்தம் கேட்டதும் எலாடியோ அடுப்பிலிருந்து இடுக்குக்குப் பாய்ந்தான், தடம் பார்க்க நேரமில்லாமல். காஸில்டா வாளியைத் தரையில் கவிழ்த்து நாரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பின்னோக்கி நகர்ந்து வாசலுக்கு வந்தாள். கார்ப்பரல் படியில் வலது காலை வைத்தவர், உள்ளே பார்த்தார். கால் அங்கேயே நின்றது.

"கழுவியிருக்கா?"

"இப்பத்தாங்க ஐயா."

பெலார்மினோ பக்கத்து ஊர்க்காரர். அவருடைய அம்மா நான்கு வீட்டுத் தரை கழுவி அவரை வளர்த்தவள். ஈரத்தில் மிதித்ததற்காக அவள் எறிந்த மரச்செருப்பின் தழும்பு அவர் புருவத்தில் இருந்தது. அவர் காலைக் கீழே இறக்கினார். "வீட்டைச் சோதனை போடணும்மா. பரவாயில்ல, காயட்டும். வெயில் நல்லாத்தானே அடிக்குது" என்றார். ஒருவனைக் கொல்லைச் சுவருக்கு அனுப்பினார், ஒருவனைத் தெருமுனையில் நிறுத்தினார், காஸில்டாவின் கோரை நாற்காலியைப் படியோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார், காற்றுப் படட்டும் என்று.

சுடுமண் தரை காய்வதை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் வெயில் பட்ட மூலையில் ஒரு கல் வெளுக்கும். பிறகு அதன் பக்கத்துக் கல் ஓரத்திலிருந்து வெளுத்து நடுவில் ஒரு கறுப்புத் தீவு மிஞ்சும். பிறகு அதுவும் சுருங்கிப்போகும். காஸில்டா படிக்கு வெளியே நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவின தரையில் வீட்டுக்காரியே திரும்ப இறங்கினால் சந்தேகம் வரும். இறங்காவிட்டால் தரை காய்ந்து தன் புருஷனைக் காட்டிக்கொடுக்கும். விர்தூதெஸ் கையில் மண்கூஜாவோடு வந்து அவள் பக்கத்தில் நாற்காலி போட்டாள். அடுத்தடுத்த வீட்டுப் பெண்களும் வந்தார்கள். கார்ப்பரல் அங்கே இருப்பதையே கண்டுகொள்ளாதவர்கள்போலத் தரையைப் பற்றிப் பேசினார்கள். நார் பழையதானால் கல் கீறும் என்றாள் ஒருத்தி. சோப்புப் போட்டால் கல் அதைக் குடித்துவிட்டு வருஷம் முழுக்க அழுக்கைக் கக்கும் என்றாள் இன்னொருத்தி. எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்தால் ஆழமாக இறங்கும் என்று கார்ப்பரலே ஒரு யோசனை சொன்னார். "பாருங்கடி, துப்பாக்கிக்கு எண்ணெய் போடறவருக்குத் தரைக்கும் தெரியுது" என்றாள் விர்தூதெஸ். அவர் முறைக்காமல் இருந்தது காஸில்டாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெயில் ஜன்னலுக்குக் கீழே வந்தது. அங்கேதான் எலாடியோ அவசரத்தில் தடம் தவறி ஒரு கால் வைத்திருந்தான். தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் என்று அவன் எப்போதும் ஒதுங்கிப்போகிற இடம். சுற்றிலும் கல் ரோஜா நிறமாக வெளுக்க வெளுக்க நடுவில் குதிகால் தெரிந்தது, பாதத்தின் வளைவு தெரிந்தது. பேச்சு ஒவ்வொரு வாயாக நின்றது. பெருவிரல் தெரிந்தது. பிறகு ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அதற்குமேல் விரல் இல்லை. எலாடியோ சேற்றில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த விர்தூதெஸ் அந்தக் காலைப் பார்த்தாள், காஸில்டாவைப் பார்த்தாள், எழுந்தாள். எழுந்த வேகத்தில் அவள் கூஜா படிக்கு உள்ளே விழுந்து உருண்டு உடைந்தது. தண்ணீர் ஜன்னல்வரை ஓடியது.

"அடப் பாவமே! கை வழுக்கிடுச்சு!"

"இருக்கட்டும்க்கா, நான் துடைச்சுடறேன்" என்று காஸில்டா வாளியோடு இறங்கினாள். அவளுக்கு விர்தூதெஸை அக்கா என்று கூப்பிட்டுப் பழக்கமே இல்லை. கார்ப்பரல் புருவத் தழும்பைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ நாளைக்கு வரேன்" என்றார். "நல்லாக் காயட்டும்." காவலுக்கு நின்ற இருவரையும் எடுக்கவில்லை.

அவர் மறுநாள் காலையில் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். காஸில்டா விடியும் முன்பே கழுவியிருந்தாள். ஆனால் எத்தனை முறை கழுவினாலும் வெயில் ஒன்றுதான். ஜன்னலுக்குக் கீழே கல் மறுபடி வெளுக்கத் தொடங்கியது. மதியம் ஊர் அடங்கிற்று, கொல்லைச் சுவருக்கு வெளியே நின்ற காவலனும் நிழல் பார்த்துச் சாய்ந்துவிட்டான். கார்ப்பரலும் மனிதர்தானே, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு திறந்த கதவோரம் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். குறட்டை வந்தது. காஸில்டா அந்த நேரத்தில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவள் பயந்தது ஈரத்துக்கு. காட்டிக்கொடுப்பதோ ஈரமில்லாத இடம். காலைச் சுற்றி வெளுப்பு இருந்தால்தானே அது கால்? அவள் கொல்லைக் கதவு வழியாகச் சமையலறைக்குள் போய், அலமாரி இடுக்கில் வாயை வைத்து, "வெளிய வா. எல்லாக் கல்லையும் மிதி. நீ மிதிக்காத இடமே இருக்கக் கூடாது" என்றாள்.

"அந்தாளு வாசல்ல இருக்கான்டி."

"தூங்கறாரு. வா."

எலாடியோ வந்தான். கல் கல்லாக, குதிகாலும் விரலும் வைத்து, இடைவெளி விடாமல், சூளைக் குழியில் மண் மிதித்த அதே வரிசையில் மிதித்தான். சுவரோரம் பக்கவாட்டாக நடந்தான். கட்டிலை அவள் தூக்கிப் பிடிக்க அடியில் புகுந்து வந்தான். ஜன்னலுக்குக் கீழே தலை தெரியாமல் இருக்க முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தபடியே கால்களால் தடவிப் போனான். நாயின் பாதத்தின்மேல் கொஞ்சம் தயங்கிவிட்டு அதையும் மிதித்தான். வாசல் பக்கம் வந்தபோது கார்ப்பரலின் பூட்ஸ் அவனுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அப்போது இருமல் வந்தது. காஸில்டா தன் தலைக்குட்டையை அவன் வாயில் திணித்தாள். குறட்டை நின்றது. இருவரும் அசையாமல் நின்றார்கள். பக்கத்து வீட்டிலிருந்து, தூங்குகிற நேரத்தில், விர்தூதெஸ் மாடு கத்துவது மாதிரி இருமினாள். இருமி இருமி ஓய்ந்தாள். குறட்டை மறுபடி தொடங்கியது. எலாடியோ மிதிக்காத ஒரே கல் படியை ஒட்டியிருந்த மூலைக் கல். அது படிமேல் நீட்டியிருந்த பூட்ஸுக்கு நேர் கீழே இருந்தது. அதை விட்டுவிட்டு அவன் இடுக்குக்குத் திரும்பினான்.

கார்ப்பரல் விழித்தபோது தரை முழுவதும் ஒரே கருஞ்சிவப்பாக, இப்போதுதான் கழுவியதுபோல இருந்தது. மூலைக் கல்லும்கூட ஈரமாக இருந்ததைக் காஸில்டா பார்த்தாள். நாற்காலிக் காலருகே அவருடைய தண்ணீர்க் குப்பி சாய்ந்து கிடந்தது. தூக்கத்தில் கால் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். "இன்னும் காயல" என்றார் அவர், உள்ளே நன்றாகப் பார்த்துவிட்டு.

அதற்குப் பிறகு அந்தத் தரை காயவே இல்லை. கார்ப்பரல் அந்தக் கோடையும் அடுத்து வந்த கோடைகளும் நாற்காலியில் காத்திருந்தார். மேலிடத்திலிருந்து கேட்டபோதெல்லாம் தரை காய்ந்ததும் சோதனை நடக்கும் என்று பதில் போயிற்று. கொல்லையிலும் முனையிலும் நின்ற காவலர்கள் கல்யாணம் செய்துகொண்டு மாற்றலாகிப் போனார்கள். வேறு காவலர்கள் வந்தார்கள். பாதிரியார் ஈஸ்டருக்கு வீடு மந்திரிக்க வந்தபோது படியில் நின்றே தீர்த்தம் தெளித்தார். காஸில்டாவின் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்தது. அவள் முழங்கால் இரண்டும் வீங்கின. எலாடியோவின் இருமல் சுவரைத் தாண்டிக் கேட்கத் தொடங்கியபோது, விர்தூதெஸ் கூடவே இருமினாள். பிறகு எதிர்வீட்டுக்காரி, பிறகு ரொட்டிக்காரன் பெண்டாட்டி. அந்தத் தெருவில் எல்லோருக்கும் நெஞ்சுச்சளி என்று வெளியூரில் பேச்சாயிற்று, அங்கே பெண் கொடுக்க யோசித்தார்கள்.

ஒரு ஆகஸ்டில் மாகாணத் தலைநகரிலிருந்து புதுக் கேப்டன் ஒருவர் காரில் வந்தார். தரை காயாததால் நிலுவையில் இருக்கும் சோதனை என்று ஒன்றை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. வடக்கே பலகைத் தரை போட்ட ஊரில் பிறந்தவர். தெருவில் நாற்காலி போட்டிருந்த பெண்கள் நடுவே விறுவிறுவென்று வந்தார். உள்ளே எலாடியோ இருமினான். தெரு முழுக்க இருமியது. "இது என்ன ஆஸ்பத்திரியா?" என்று கத்திவிட்டு அவர் பூட்ஸைத் தூக்கிப் படியைத் தாண்டினார். காஸில்டா வாளியின் காதை இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கால் உள்ளே இறங்கினால் அடுத்த பத்தாவது எட்டில் அலமாரி. பூட்ஸ் தரைக்கு ஒரு விரல்கடை மேலே இருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், செருப்பு எறியப்போகிற தாயின் குரலில், வெடித்தது.

"மிதிக்காதே! கழுவியிருக்கு!"

கத்தியது பெலார்மினோ. கேப்டனை ஒருமையில் அதட்டிவிட்டார். வடக்கில் பலகைத் தரைதான், ஆனால் அங்கேயும் அம்மாக்கள் உண்டு. கேப்டனின் புத்தி யோசிக்கும் முன்னால் அவர் கால் தானாகப் பின்வாங்கிப் படிக்கு வெளியே போய் நின்றது. பத்து வயதுப் பையன்போல முகம் சிவந்தது. வெகுநேரம் தன் பூட்ஸையே பார்த்தார். பிறகு, "எப்பதான்யா காயும்?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க கேப்டன். மெருகு போடாத கல்லு. நிறையக் குடிச்சிருக்கு."

அந்த வாரமே பெலார்மினோவின் கார்ப்பரல் பட்டையைப் பறித்து, கடலோர உப்பளத்துக்குக் காவலாக அனுப்பினார்கள். கேப்டன் திரும்ப வரவில்லை. அவமானத்தை நேரில் பார்த்த தெருவுக்கு யார் வருவார்கள்?

பிறகு வருஷங்கள் போயின. நின்றுகொண்டே துடைக்கிற குச்சித் துடைப்பம் கடைக்கு வந்தது. தெருப் பெண்கள் முழங்காலிலிருந்து எழுந்தார்கள், பலருக்கு அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரிந்தது. கடைசியாக ஒரு வசந்தத்தில், பழைய போர் வழக்குகள் எல்லாம் தீர்ந்தன என்று அரசாங்கம் வானொலியில் சொன்னது. காஸில்டா மூன்று நாள் நம்பவில்லை. நான்காம் நாள் எலாடியோ, தலை நரைத்து, சுண்ணாம்பு நிறத்தில், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நகர மன்றத்துக்கு நடந்துபோனான். எழுத்தர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இடது செருப்பைக் கழற்றச் சொல்லி விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, மரணப் பதிவை அடித்து நீக்கினார். அவர்கள் வீடு திரும்புவதற்குள் தரை காயத் தொடங்கியிருந்தது. விர்தூதெஸ் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல் கல்லாக வெளுத்து, முதன்முதலாகப் பதித்தபோது இருந்த ரோஜா நிறம் வந்தது. "அடி, உன் தரை இந்த நிறம்ல! நானே மறந்துபோய்க் கறுப்புன்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்" என்றாள்.

கோடை உச்சத்தில், கல் எலும்பு வரை காய்ந்ததும், காஸில்டா எண்ணெய் இரண்டு தடவை போட்டு மெழுகு தேய்த்தாள். அந்த மாதமே பெலார்மினோ கைத்தடி ஊன்றி வந்து படியில் நின்றார். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

"காஞ்சுடுச்சாம்மா?"

"காஞ்சுடுச்சு. உள்ள வாங்க."

அவர் செருப்பை நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். படியோர மூலைக் கல்லைக் கைத்தடியால் லேசாகத் தட்டினார். "அன்னிக்கு இதை விட்டுட்டான் உன் புருஷன்" என்று மட்டும் சொன்னார். பிறகு நேராகச் சமையலறைக்குப் போய் ரொட்டி அலமாரியை நகர்த்தி இடுக்கைப் பார்த்தார். அதற்குள் பதித்திருந்த ஒற்றைக் கல்லில் இரண்டு கால்கள் பக்கத்தில் பக்கத்தில், ஐந்து விரலும் நான்கு விரலுமாக, ஈரமாக இருந்தன. அங்கேதான் எலாடியோ அதிகம் நின்றிருந்தான். பெலார்மினோ உள்ளே கால் வைக்காமல் அலமாரியைப் பழையபடி தள்ளினார். "சோதனை முடிஞ்சுது. ஒண்ணுமில்ல. இங்க மட்டும் இன்னும் காயல" என்றார். அந்தக் கல்லின்மேல் காஸில்டா இப்போது தண்ணீர்க் கூஜாவை வைத்திருக்கிறாள். அந்தத் தெருவில் அவள் வீட்டுத் தண்ணீர்தான் குளிர்ச்சி. வேண்டியவர்கள் வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை எலாடியோ சூளைப் பக்கம் சும்மா உலாவிவிட்டு, செருப்பில் மண்ணோடு, பெலார்மினோவையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்தான். படியில் காலைத் தூக்கினான்.

"மிதிக்காத! கழுவியிருக்கு!" என்றாள் காஸில்டா உள்ளேயிருந்து.

அவன் காலை இறக்கினான். பெலார்மினோ ஏற்கெனவே கோரை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எலாடியோ படியிலேயே உட்கார்ந்தான். கொண்டைக்கடலை வேகும் வாசனை வந்தது. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே முதல் கல் வெளுக்கத் தொடங்கியிருந்தது.